பஸ்ஸில் நிமிர்ந்து நின்றவள்

"எவ்வளவு குனியணும்னு கேக்கறீங்களா? இதோ, இவ்வளவு."

ஃபுவாதினோ டீச்சர் மேடையிலேயே இடுப்பை மடித்துக் குனிந்தாள். ஒரு கையில் இல்லாத புத்தகப் பையை அணைத்துக்கொண்டாள். மறு கையால் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல ஒரு குலுங்கு குலுங்கினாள். பாய்களில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"முன் சீட்டுல பாதிரியார் சம்சாரம். அடுத்த சீட்டுல ஊர்ப் பெரியவங்க. அவங்க தலைக்கு மேல நம்ம தலை போகலாமா? கூடாது. நம்ம ஊர் பஸ்ல யாருமே நிக்கறது கிடையாது, இடம் இல்லைன்னா யாராவது இழுத்து மடியில போட்டுக்குவாங்க. எனக்குத்தான் மடி கிடையாதே. அதனால நாப்பது நிமிஷம் இப்படியே. போக நாப்பது, வர நாப்பது, ஒரு வருஷம் முழுக்க. நான் குள்ளமா இருக்கேன்ல, சாப்பாடு குறைச்சல்னு நினைச்சீங்களா? இதுதான்."

மறுபடியும் சிரிப்பு. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து அவளைப் போலவே குனிந்து நடந்து காட்டினான். அவளும் சிரித்தாள்.

ஏழு வருஷமாக சவாயீ தீவு முழுக்க, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, சர்ச் சர்ச்சாகப் போய் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், அப்பாவுடைய ஊர்த் தலைவர்கள் கூடி அவரை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார்கள். குடும்பம் அம்மாவின் ஊருக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் ஒரு பெரிய பெண், "ஊர் தள்ளினவன் மகளுக்கு யாரும் மடி கொடுக்காதீங்க" என்றாள். யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பெரிய பெண் படிப்பை முடித்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போன பிறகுதான் அது நின்றது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது. ஆனால் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னால் பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள், காது மூடிக்கொள்ளும். சிரிக்க வைத்தால் கேட்பார்கள். அந்தத் தீவில் சாவு வீட்டில்கூட ஒருவர் எழுந்து செத்தவரைப் போல நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பார். அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"சிரிச்சீங்க இல்ல? சந்தோஷம். நாளைக்கு உங்க பஸ்ல, உங்க வகுப்புல யாராவது குனிஞ்சு நிக்கறாங்களான்னு பாருங்க. இருந்தா இடம் கொடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

கூட்டம் கலைந்தது. ஓலைக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருத்தி மட்டும் வாசலில் காத்திருந்தாள். சொந்த ஊர்க்காரி, லூப்பே.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க டீச்சர். சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு."

"நீ சிரிக்கலையே லூப்பே. நான் பார்த்தேன்."

லூப்பே கூடையின் விளிம்பை நிமிண்டினாள். "என் தம்பி மக வந்திருக்கா. ஆக்லாந்துல பிறந்து வளர்ந்தவ. பார்த்திருப்பீங்க."

"சர்ச்ல பார்த்தேன். நல்ல வாட்டசாட்டமா, அழகா இருப்பாளே."

"அவதான். சனேல். பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறா. நாலு நாளா வயித்துவலிங்கறா, தலைவலிங்கறா. எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார், 'திங்கக்கிழமை ஒரு நாள் பார்ப்பேன். சரியா வரலைன்னா படிப்பு போதும், சேம்புத் தோட்டத்துக்கு வரட்டும்'னு. அவர் சொன்னா சொன்னதுதான்."

"பள்ளிக்கூடத்துல என்ன?"

"பள்ளிக்கூடத்துல ஒண்ணும் இல்லை. பஸ்ல. இப்ப மேடையில செஞ்சு காட்டினீங்களே, அதேதான்."

ஃபுவாதினோ ஒரு அடி முன்னால் வந்தாள். "யாரு செய்யறா?"

"பிள்ளைங்கதான்."

"எந்தப் பிள்ளைங்க?"

"டீச்சர், உங்க குடும்பத்து மேல எங்க குடும்பத்துக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். உங்க மாமனார் எங்க வீடு கட்டறப்ப வந்து நின்னவர். உங்க வீட்டுக்காரரும் தங்கமான மனுஷர், கடல் தாண்டிப் போய் ஆப்பிள் தோட்டத்துல கஷ்டப்படறார்."

ஊரில் ஒருவர் இப்படி மரியாதையில் ஆரம்பித்தால், பின்னால் வருவது என்னவென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஃபுவாதினோ கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"எங்க யனேத்தாவா?"

லூப்பே கூடையிலிருந்து இரண்டு பப்பாளியை எடுத்து டீச்சர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் கொல்லையில் அம்மாவும் மகளும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சமையலுக்குச் சேம்பு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். யனேத்தாவுக்குப் பதினைந்து வயது. குச்சி மாதிரி கை, குச்சி மாதிரி கால், வாய் மட்டும் ஊரைச் சுற்றி வரும். தேங்காய் ஓட்டால் தோலைச் சுரண்டி, கிழங்கை வாளியில் எறிந்துகொண்டே பாடிக்கொண்டிருந்தாள்.

"லூப்பே வீட்டுப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள் ஃபுவாதினோ.

பாட்டு நின்றது. "தூணா? நல்லாத்தான் இருக்கா. என்ன, கொஞ்ச நாளா பஸ்ல கூரையைத் தாங்க ஆள் இல்லை."

"தூண்னு பேர் வச்சது யாரு?"

"எல்லாரும்தான்."

"முதல்ல யாரு?"

யனேத்தா அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"யனேத்தா, உன்னைத்தான் கேக்கறேன்."

"அவ என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? முதல் நாள் வந்தா. புதுசாச்சேன்னு நான்தான் கூப்பிட்டேன். 'வா, என் மடியில உட்காரு'ன்னு இப்படித் தட்டிக் காட்டினேன். அவ முகத்தைச் சுளிச்சு, 'வேண்டாம்'னா. அழுக்குப் பாயைப் பார்க்கற மாதிரி பார்த்தா. பஸ்ஸே பார்த்துச்சு. பசங்கள்லாம் ஓன்னு கத்தினாங்க. இந்த ஊர்ல யார் மடியையாவது யாராவது வேண்டாம்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"கேட்டதில்லை."

"அப்ப? மடி வேண்டாதவளுக்கு மடி எதுக்கு? நிக்கட்டும்னு சொன்னேன்."

"இப்படிச் செய்யலாம்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

யனேத்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கள்ளமே இல்லை. அதுதான் ஃபுவாதினோவைப் பிறகு வாட்டியது.

"உங்க கதைதாம்மா. எல்லாருக்கும் மனப்பாடமாத் தெரியுமே. நீங்க குனிஞ்சு காட்டறப்ப எல்லாரும் எப்படிச் சிரிக்கறாங்க. நீங்களும்தான் சிரிக்கறீங்க."

தேங்காய் ஓடு ஃபுவாதினோவின் கையில் அப்படியே நின்றது.

"அது சிரிக்கறதுக்குன்னா நினைச்சே?"

"பின்ன என்ன, அழறதுக்கா சொன்னீங்க? ஒரு நாளாவது அழுதிருக்கீங்களா?"

ஏழு வருஷம். எத்தனை கூடம், எத்தனை பாய், எத்தனை தலைகள். நோய்க்கு மருந்து என்று ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். வீட்டில் இருந்தவள் அதில் நோயை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். ஃபுவாதினோ வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கிழங்கைக் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

திங்கட்கிழமை காலையில் மகளோடு தானும் பஸ் ஏறினாள்.

மரத்தால் கட்டின பழைய பஸ். கதவு கிடையாது, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பாட்டுச் சத்தம் மட்டும் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். டிரைவர் பெலெனாத்தோ சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"டீச்சர், உங்க பள்ளிக்கூடம் எதிர்த்தாப்புல இருக்கு. நடந்தா அஞ்சு நிமிஷம்."

"இன்னைக்குக் கொஞ்சம் தூரமாப் போறேன்."

"எவ்வளவு தூரம்?"

"தெரியலைப்பா. ஓட்டு."

முன்பக்கம் வைமோவானா பெரியம்மா சந்தைக்குப் போக மூன்று கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பையன் தானாக எழுந்து பின்னால் போனான். அவன் போன இடத்தில் இன்னொருவன் தொடையை விரித்துக் கொடுத்தான். அடுத்த நிறுத்தத்தில் கிழவர் ஒருவர் ஏறினார், மறுபடி நாலு பேர் இடம் மாறினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவில்லை. மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளம் பார்த்து இறங்குகிற மாதிரி ஆட்கள் முன்னாலிருந்து பின்னால் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சின்ன வயதில் இதை வெளியே நின்று பார்த்தே அவளுக்குப் பழக்கம்.

லூப்பே வீட்டு வாசலில் பஸ் நின்றது. லூப்பே அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலி ஓரமாக அவள் புருஷன் வெட்டுக்கத்தியோடு நின்றான், தோட்டத்துக்குப் போகிற கோலத்தில்.

"ஏறும்மா. ஒரு நாள். எனக்காக" என்றாள் லூப்பே.

சனேல் ஏறினாள். பெரிய பெண், அகன்ற தோள், சீருடைச் சட்டை கையில் இறுக்கிப் பிடித்தது. அவள் ஏறினதும் தண்ணீர் ஓட்டம் நின்றுபோனது. பின்பக்கம் தொடைகளின் மேல் பைகள் ஏறின. யனேத்தாவின் மடியிலும் பை. பைகளுக்கெல்லாம் இடம் இருந்தது.

"தூண் வந்தாச்சு. இனிமே கூரை விழாது."

"ஏய், நல்லாத் தாங்கிப் பிடி. காத்துல பறந்துடப் போகுது."

"சத்தம் போடாதீங்கடி, டீச்சர் இருக்காங்க."

கிசுகிசுத்துச் சிரித்தார்கள். பஸ் கிளம்பியது. சனேல் நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபுவாதினோ திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மலைத்துப்போனாள்.

அந்தப் பெண் குனியவில்லை. நேராக நின்றாள். தலை கூரையைத் தொடுகிறது, கழுத்து நிமிர்ந்திருக்கிறது, கண் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. உதடு மட்டும் லேசாக நடுங்குகிறது. அழுகையை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிகிறது. ஆனாலும் நேராக நிற்கிறாள்.

அப்படியும் நிற்கலாம் என்று ஃபுவாதினோவுக்கு அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. மடி கொடுக்காதவர்கள் அவளைக் குனியச் சொல்லவில்லை. அவளாகத்தான் குனிந்தாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து, யார் பெற்ற பெண்ணோ, இந்த ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாதவள், அதே பஸ் பாதையில் நிமிர்ந்து நிற்கிறாள். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது ஃபுவாதினோவுக்கு. வாயைத் திறந்தால் ஏதாவது கெட்டுவிடும் போல இருந்தது.

"திமிரைப் பார்த்தியா?" வைமோவானா பெரியம்மா காதோரம் சொன்னாள். "நம்ம தலைக்கு மேல நிக்குது, கொடிமரம் மாதிரி."

"குனியணும்னு அவளுக்கு யாராவது சொன்னாங்களா பெரியம்மா?"

"இதெல்லாம் ஒருத்தர் சொல்லியா தெரியணும்?"

மடியைத் தட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிடலாம். கை அதற்குத்தான் போனது. ஆனால் அந்த வருஷத்தில் ஒரே ஒரு நாள் பாதிரியார் சம்சாரம் மனசு இளகி ஃபுவாதினோவை மடியில் உட்கார்த்திக்கொண்டார். மறுநாள் அவள் பைக்குள் பன்றிச் சாணம் இருந்தது. பெரியவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள், பஸ் நாளைக்கும் ஓடும்.

எழுந்தாள். ஊர் முறைப்படி குனிந்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் பின்னால் போனாள். அம்மா தன்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று யனேத்தா பையை இறுக்கிக்கொண்டாள்.

ஃபுவாதினோ மகளைப் பார்க்கவில்லை. சனேல் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்தாள். பிறகு முதுகை நிமிர்த்தினாள். அது சுலபமாக நிமிரவில்லை. பழைய கதவு திறக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நாற்பது வயதில் முதல் தடவையாக ஒரு பஸ்ஸுக்குள் நேராக நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. நானும் நிக்கறேன்."

"டீச்சர்... நீங்க ஏன்?" அந்தப் பெண்ணின் பேச்சு தட்டுத் தடுமாறி வந்தது.

"சும்மாதான். அட, இங்கேயிருந்து கடல் தெரியுதே."

"ஆமா. உட்கார்ந்தா தெரியாது. நான்... தினம் பார்ப்பேன்."

உண்மைதான். உட்கார்ந்திருந்தவர்கள் தலைகளுக்கு மேலே, தென்னை மரங்களுக்கு அப்பால், கடல் முழுசாகத் தெரிந்தது. அலை வந்து பாறையில் முட்டி வெள்ளையாக எழும்பியது. எத்தனை நூறு தடவை இந்த வழியாகப் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸின் தரைப்பலகை.

அதற்குள் பின்பக்கம் கலவரமாகிவிட்டது. டீச்சர் நிற்கிறாள். ஒரு பையன் பாதி எழுந்து தன் இடத்தைக் காட்டினான்.

"டீச்சர், இங்க உட்காருங்க."

"டீச்சர், என் இடத்துக்கு வாங்க."

"இந்தப் பக்கம், டீச்சர். ஜன்னலோரம்."

"இவ எனக்கு முன்னாடி ஏறினவ" என்றாள் ஃபுவாதினோ. "இவ உட்கார்ந்ததும் நான் உட்காருறேன்."

எல்லார் கண்ணும் யனேத்தாவிடம் போனது. யனேத்தா ஜன்னலைப் பார்த்தாள்.

மடி கொடுக்கவும் பயம், டீச்சர் நிற்கும்போது உட்கார்ந்திருக்கவும் வெட்கம். ஒரு சின்னப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் கடைசி வரிசைப் பையன்கள், மடியில் இருந்தவன் முதலில், மடி கொடுத்தவன் பிறகு. ஒரு நிமிஷத்தில் பஸ்ஸின் பின்பாதி முழுக்க எழுந்து நின்றது. யனேத்தா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பெலெனாத்தோ பிரேக்கை மிதித்தான். பாட்டை நிறுத்தினான்.

பஸ் நின்ற இடம் எரிமலை உருகி ஓடிக் கறுப்பாக உறைந்த வெட்டவெளி. மரம் இல்லை, வீடு இல்லை, பறவை இல்லை. அந்த இடத்தில் வண்டி நின்று யாரும் பார்த்ததில்லை. பாட்டு நின்றதும் எவ்வளவு அமைதி என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தூரத்தில் அலை பாறையில் மோதும் சத்தம், கல்லுக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. இத்தனை பேர் தன்னைச் சுற்றி எழுந்து நிற்பதைச் சனேல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்தபோது வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இப்படி நின்னா வண்டி போகாது டீச்சர்" என்றான் பெலெனாத்தோ. "ஆளை நிக்க வச்சு ஓட்டறதைப் போலீஸ் பார்த்தா என் பொழப்புப் போச்சு."

"ஒருத்தி நின்னப்ப ஒரு மாசமா ஓட்டினியே."

அவன் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். அதைக் கொஞ்சம் திருப்பினான். "தெரிஞ்சுது டீச்சர். கண்ணாடியில நல்லாவே தெரிஞ்சுது. பாட்டைக் கூட்டி வச்சுக்கிட்டேன்."

யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"அவதான் முதல்ல வேண்டாம்னு சொன்னா." யனேத்தாவின் குரல் கீச்சென்று வந்தது. "எல்லாரும் என்னையே பார்க்கறீங்க. நான் மடி கொடுத்தேன். அவதான் சுளிச்சா."

ஃபுவாதினோ பதில் சொல்லப் போனாள். அதற்குள் சனேலே பேசினாள். வார்த்தை வார்த்தையாக, ஒவ்வொன்றையும் தேடி எடுத்து வைத்தாள்.

"எனக்கு... இங்க வழக்கம் தெரியாது. அங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தி... 'உட்காரு'ன்னு நாற்காலியைக் காட்டுவா. நான் உட்காருவேன். இழுத்துடுவா. எல்லாரும் படம் எடுப்பாங்க. நான் குண்டு இல்லையா, விழுந்தா... சத்தம் பெருசா வரும். அதனால அப்பா என்னை இங்க அனுப்பினார்." மூச்சு வாங்கினாள். "நீ தட்டிக் காட்டினே. நீ இவ்வளவு சின்னதா இருக்கே. நான் நினைச்சேன், இவளும் விளையாடறான்னு. நிஜமாக் கூப்பிட்டிருந்தாலும் உனக்குக் கால் உடைஞ்சிடும்னு."

"அட முட்டாள் பொண்ணே." முன் சீட்டிலிருந்து வைமோவானா பெரியம்மா மெதுவாகத் திரும்பினாள். எல்லாரும் சனேலைச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். கிழவியின் விரல் யனேத்தாவை நோக்கி நீண்டது. "உன்னைத்தான். ஓணான் மாதிரி இருந்துக்கிட்டு இவளை உன் மடியிலயா கூப்பிட்டே? பெருசுதானேடி கீழ உட்காரணும்? என் பேத்திக்கு மூணு வயசு, அவளுக்குத் தெரியும். நீ தப்பாக் கூப்பிட்டுட்டு, அவ தப்பா வேண்டாம்னுட்டா, அதுக்கு ஒரு மாசமா இந்தக் கூத்தா?"

ஒரு பையன் சிரிக்கப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் விலாவில் இடித்தான்.

யனேத்தாவின் முகம் கறுத்தது, பிறகு சிவந்தது. எழுந்தாள். பையைத் தரையில் வைத்தாள். தன் இருக்கையைக் கையால் துடைத்தாள், அதில் தூசி இல்லாதபோதும்.

"இது உன் இடம்" என்றாள். "உட்காரு. நாற்காலி இல்லை இது, ஆணி அடிச்சது. இழுக்க முடியாது."

சனேல் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கையால் பலகையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. சனேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

இப்போது யனேத்தா நடுவழியில் நின்றாள்.

"உன் மடியில... எனக்கு இடம் இருக்கா?"

"பொறு" என்றாள் சனேல்.

முதன்முதலில் எழுந்து நின்ற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் ஓடி வந்து ஒரு தொடையில் உட்கார்ந்துகொண்டாள், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி காலை ஆட்டினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பழைய இடங்களுக்குப் போனார்கள். யனேத்தா நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. முன்னால் பெரியவர்கள் இருக்கிறார்களே.

ஃபுவாதினோ பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் எத்தனையோ தடவை தான் செய்து காட்டிய குனிவுதான் அது. மகள் உடம்பில் அதைப் பார்க்க முடியவில்லை. கையை நீட்டி நிமிர்த்த மனசு துடித்தது. கையைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டாள். மடியைக் கேட்டது யனேத்தா. கொடுக்க வேண்டியது சனேல். நடுவில் தனக்கு வேலை இல்லை.

பெலெனாத்தோ எஞ்சினைக் கிளப்பவில்லை. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. சந்தைக்குக் கூடை கொண்டுபோகிற பெரியம்மாகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வெளியூர்ப் பெண் என்ன சொல்லப் போகிறாள் என்று ஒரு பஸ் முழுக்கக் காத்திருந்தது. சர்ச்சில் எல்லாரும் தலை கவிழ்ந்திருக்கும் நேரத்தில்கூட இப்படி ஒரு அமைதியை ஃபுவாதினோ கேட்டதில்லை.

"குனியாதே" என்றாள் சனேல் கடைசியில். "முதுகு வலிக்கும். இந்தக் கால் காலியா இருக்கு."

யனேத்தா உட்கார்ந்தாள். நுனியில், பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தாள்.

"நல்லா உட்காரு. விழுந்துடுவே."

"உனக்கு வலிக்காதா?"

"நீ இருக்கறதே தெரியலை."

அந்தச் சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். யனேத்தா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று சனேலுக்குத் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு கையால் யனேத்தாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், பஸ் குலுங்கினால் விழாமல் இருக்க. இங்கே எல்லாரும் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். நின்றபடியே ஒரு மாதமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்" என்றான் பெலெனாத்தோ. "நீங்க மட்டும்தான் இப்ப நிக்கறீங்க. உட்கார்ந்தீங்கன்னா நான் எடுப்பேன். இனிமே எல்லா நாளும் அப்படித்தான். ஒருத்தர் நின்னாலும் வண்டி நகராது, சொல்லிட்டேன்."

"எங்கடா உட்கார?" முன்னாலிருந்து வைமோவானா பெரியம்மா அலறினாள். "அவ இடத்துல என் கூடையை வச்சுட்டேன். வா இங்க ஃபுவாதினோ, என் மடிக்கு. நீ ஒண்ணும் பெரிய கனம் இல்லை."

ஃபுவாதினோ கிழவியின் மடியில் உட்கார்ந்தாள். உருண்டு திரண்ட தொடை, தேங்காய் எண்ணெய் வாசம். பஸ் கிளம்பியது. பாட்டு வரவில்லை. பள்ளிக்கூடம் வரும்வரை பெலெனாத்தோ அதைப் போடவே இல்லை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். சனேலால் உடனே இறங்க முடியவில்லை.

"கால் மரத்துப் போச்சு" என்றாள்.

"உதறு, உதறு. இப்படி" என்று கடைசி வரிசைப் பையன் ஒருவன் காலை உதறிக் காட்டினான்.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும். தேய்ச்சு விடுங்கடி."

இரண்டு பெண்கள் உட்கார்ந்து அவள் காலைத் தேய்த்தார்கள். அவள் கூச்சம் தாங்காமல் கத்தினாள். யனேத்தா எட்ட நின்றாள். பிறகு எல்லாரும் உள்ளே நடந்தார்கள். சனேல் நடுவில், யனேத்தா நாலு அடி தள்ளிப் பின்னால். பக்கத்தில் போகவில்லை. சனேல் திரும்பியும் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. அந்த நாலு அடியை அவர்களே ஒரு நாள் நடந்து தீர்க்க வேண்டும், ஒரு மாதம் ஆகுமோ ஒரு வருஷம் ஆகுமோ.

மணி அடித்தது. சனேல் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"டீச்சர்" என்றான் பெலெனாத்தோ. "வண்டி இனி சந்தைக்குப் போகும். ஊருக்குத் திரும்ப மத்தியானம் ஆகும். உங்க பள்ளிக்கூடம் என்ன ஆவுது?"

"ஹெட்மாஸ்டர் திட்டுவார்."

"என்ன சொல்லுவீங்க?"

அவள் யோசித்தாள். சொல்வதற்கு வேடிக்கையாக எதுவும் கிடைக்கவில்லை. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் இறங்கிப்போன பஸ்ஸின் நடுவில் நேராக நின்றாள்.

"சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடு பெலெனாத்தோ. கடல் தெரியுது."

"உட்காருங்க டீச்சர், இப்பதான் சட்டம் போட்டேன்" என்றான் அவன். ஆனால் சாவியைத் திருப்பவில்லை. வைமோவானா பெரியம்மாவும் முனகிக்கொண்டே கூடைகளைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து, அவள் பார்க்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள்.